ஏழு ஸ்வரமும் ஆறு ஸ்வரமும்

டிசம்பர் 3

டாக்டர் சொன்னதற்காக இந்த டைரி. மனதில் இருப்பதை எழுதிவிட்டால் ரத்த அழுத்தம் இறங்குமாம். என் மனதில் ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

இன்று 150.

டிசம்பர் 4

இசைக் கலைஞர்கள் சங்கத்துச் செயலாளர் வேதகிரி போன் செய்தார். தபேலாக்காரர். பேசும்போது மேஜையைத் தட்டிக்கொண்டேதான் பேசுவார், போனிலும் அது கேட்கும்.

"வாத்தியாரே, யூட்யூப் பாத்தியா? கலாதரன் மானம் கப்பலேறிக்கினு கீது."

பார்த்தேன். செண்பகா என்று ஒரு பெண். செல்லோ வாசிக்கிறாள், தரையில் ஊன்றி வில்லால் இழுக்கும் பெரிய வயலின். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். 'தூரத்து ஓடம்' படத்தில் படகு கரையை விட்டுப் போகும்போது வரும் செல்லோ மெட்டை முதலில் வாசிக்கிறாள். பிறகு ஒரு வியன்னாக்காரர் இருநூறு வருஷத்துக்கு முன் எழுதிய சிம்பொனியிலிருந்து ஒரு துண்டை வாசிக்கிறாள். ஏழு ஸ்வரம். ஆறு ஒன்றாக இருக்கிறது. நாலாவது மட்டும் அரை ஸ்வரம் தாழ்ந்திருக்கிறது. "இது திருட்டா, தற்செயலா? நீங்களே சொல்லுங்க" என்று முடிக்கிறாள். நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நாலு லட்சம் பேரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வியன்னாக்காரரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. டைரி யார் கையிலும் சிக்கும்.

இந்த விவகாரத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். படத்துக்கு இசை கலாதரன். போஸ்டரில் அவர் பெயர், கேசட்டில் அவர் பெயர், அரசு விருதில் அவர் பெயர். நான் வெறும் அரேஞ்சர். இசையமைப்பாளர் காலையில் வந்து ஒரு மெட்டை முணுமுணுப்பார். அதை நாற்பது பேர் வாசிக்கும்படி பத்து மணிக்குள் நோட்ஸாக எழுதிக் கொடுப்பது என் வேலை. மெட்டுக்கு நடுவே ஓட்டை இருந்தால் நான் நிரப்புவேன். மெட்டே இல்லாமல் முழுக்க ஓட்டையாக இருந்தாலும் நிரப்புவேன். முப்பத்தைந்து வருஷம் நிரப்பினேன். போன் வருவது நின்றபோது ஓய்வு பெற்றுவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் 5

168.

டிசம்பர் 7

சங்கத்தில் அவசரக் கூட்டம். கலாதரனுக்கு பிப்ரவரியில் ஒரு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுக்கவிருக்கிறது. அதற்குள் இந்தக் குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று சங்கமே விசாரித்து அறிக்கை தர வேண்டுமாம். விசாரிக்க ஒரு நிபுணர் தேவை. மேற்கத்திய இசை தெரிந்தவராக, சிம்பொனிகளைக் கரைத்துக் குடித்தவராக, நடுநிலையானவராக இருக்க வேண்டும்.

"நம்ப ஜெபநேசன் சாரை உட்டா யாரு கீறா?" என்றார் வேதகிரி. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் மறுத்தேன். பலமாக மறுத்தேன். பிறகு, அறிக்கையின் அட்டையில் நிபுணரின் பெயரைப் போடுவீர்களா என்று கேட்டேன். போடுவார்களாம், பெரிய எழுத்தில்.

ஒப்புக்கொண்டேன்.

டிசம்பர் 8

இரவே செல்லக்கனியிடம் விஷயத்தைச் சொன்னேன். காலையில் காபியை வைத்துவிட்டு, "ஏங்க, அந்தப் படகு மியூசிக்கு நீங்க போட்டதுல்லா?" என்றாள்.

என் மனைவிக்கு நாற்பது வருஷம் சென்னையில் இருந்தும் பாளையங்கோட்டைப் பேச்சு போகவில்லை. கேள்வி கேட்கும் பழக்கமும் போகவில்லை.

"நான் நோட்ஸ் எழுதினேன். அவ்வளவுதான்."

"அப்பம் ஏன் அந்தப் படம் வந்த அன்னைக்கு தேவி தியேட்டர்ல மொதல் ஆளா போயி உக்காந்திய?"

போனேன், உண்மைதான். டைட்டிலில் 'இசை உதவி: ஜெபா' என்று ஒரு வரி வந்தது. வாகன உதவி, உணவு உதவி இவற்றுக்கு நடுவே வந்தது. ஜனங்கள் இருட்டில் சீட் தேடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து நின்றதில் செல்லக்கனிக்கு அதுவும் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் ஆகிறது. நான் அதையெல்லாம் மறந்துவிட்டேன்.

டிசம்பர் 11

வாஷர் தேடும்போது கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியையும் சுத்தம் செய்தேன். அதில் பழைய நோட்ஸ் புத்தகங்கள். கல்யாணம் ஆவதற்கு முன், மூர் மார்க்கெட் எரிவதற்கும் முன், அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. அதில் வியன்னாக்காரரின் அந்த சிம்பொனியும் இருக்கிறது. எந்த ஊர் அச்சு என்று தெரியாத மட்டமான பதிப்பு. செல்லோவின் பகுதியில் நாலாவது ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு ஷார்ப் குறி இருக்க வேண்டும். அச்சுக் கோர்த்தவன் விட்டுவிட்டான். அதனால் அந்த ஸ்வரம் அரைப் படி கீழே விழுந்துவிட்டது.

இதை எழுதுவது பெட்டியைச் சுத்தம் செய்ததைப் பதிவு செய்வதற்காக மட்டுமே.

பெட்டியை மறுபடி உள்ளே தள்ளி, முன்னால் அரிசி டின்னை வைத்தேன். செல்லக்கனி பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. 172.

டிசம்பர் 14

கலாதரனின் ரசிகர்கள் பதிலடி கொடுத்துவிட்டார்கள். ஒரு பத்திரிகையில் இசை விமர்சகர் ஒருவர் முக்கால் பக்கம் எழுதியிருக்கிறார். "வியன்னாவில் நிமிர்ந்து நின்ற அந்த நான்காவது ஸ்வரத்தை, தமிழ் மண்ணின் துயரத்தால் அரை அடி குனிய வைத்தாரே, அங்கேதான் கலாதரனின் மேதைமை இருக்கிறது."

அச்சுக் கோர்த்தவன் எந்த ஊரில் எந்தக் கல்லறையில் படுத்திருக்கிறானோ. அவனுக்குத்தான் டாக்டர் பட்டம் கொடுக்க வேண்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அடிக்கலாம். பேனாவால் எழுதியதை அடித்தால் இன்னும் சந்தேகம் வரும். இருக்கட்டும்.

டிசம்பர் 17

கலாதரன் போன் செய்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்கிறேன். முதலில் உடம்பை விசாரித்தார். பிறகு செல்லக்கனியின் உடம்பை. பிறகு இல்லாத என் பேரனின் உடம்பையும் விசாரித்தார்.

"ஜெபா, நீதான் விசாரிக்கிறேன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். உன்னை மாதிரி நியாயஸ்தன் யாரு? ஆனா ஒண்ணு. திருட்டுன்னு முடிவாச்சுன்னா, உண்மையைச் சொல்றதைத் தவிர எனக்கு வேற வழி இருக்காது. அந்த மெட்டு நான் போட்டது இல்ல, ஜெபா போட்டதுன்னு மேடையேறிச் சொல்லிடுவேன்."

அந்த மெட்டு ஜெபா போட்டது. இந்த வாக்கியத்தை இந்த மனிதன் வாயிலிருந்து கேட்க இருபத்தாறு வருஷம் காத்திருந்தேன். விருது விழாவில் காத்திருந்தேன், வெள்ளிவிழாவில் காத்திருந்தேன், அவர் மகள் கல்யாண வரவேற்பில் அதே மெட்டை பேண்டு வாசித்தபோது பந்தியில் உட்கார்ந்து காத்திருந்தேன். இப்போது சொல்கிறேன் என்கிறார். அது திருட்டு என்று ஆனால் சொல்கிறேன் என்கிறார்.

மெட்டு நல்ல மெட்டாக இருந்தால் அவருடையது. களவு மெட்டாக இருந்தால் என்னுடையது. இதில் பங்கு பிரிக்க ஒன்றும் இல்லை.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஜெபா, படகு போகுது. மனசைப் பிடிச்சு இழுக்குற மாதிரி ஏதாவது போட்டு வை" என்று சொல்லிவிட்டு அவர் இட்லி சாப்பிடப் போனார். போட்டு வைத்தேன். எங்கிருந்து எடுத்துப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

டிசம்பர் 19

வழி கிடைத்துவிட்டது.

சிம்பொனி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐந்தாறு ஸ்வரத்தில் சின்னதாக ஒரு மெட்டுத் துண்டை எடுத்துக்கொள்வார்கள். முதலில் அதை வயலின்களிடம் கொடுப்பார்கள். பிறகு புல்லாங்குழலுக்குப் போகும். அப்புறம் தலைகீழாக்கி, மெதுவாக்கி, அடித்தொண்டையில் பாஸ் வாத்தியங்களிடம் தருவார்கள். கடைசிப் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் மொத்தமும் சேர்ந்து அதையே முழங்கும். ஒரே துண்டு முக்கால் மணி நேரம் வேஷம் மாற்றிக்கொண்டு வரும். காது பழகியவனுக்கு ஒவ்வொரு வேஷத்திலும் அடையாளம் தெரியும். எனக்குத் தெரியும்.

அப்படியானால் இந்த ஏழு ஸ்வரம் மற்றவர்களின் சிம்பொனிகளிலும் எங்காவது ஒளிந்திருக்குமே! வியன்னாக்காரரே இன்னொருவரிடமிருந்து எடுத்திருந்தால்? அந்த இன்னொருவர் வேறொருவரிடம்? எல்லோரும் எடுத்திருந்தால் யாரும் எடுக்கவில்லை என்று ஆகிவிடும்.

நாளையிலிருந்து கேட்கத் தொடங்குகிறேன்.

டிசம்பர் 21

ருஷ்யக்காரர் ஒருவர். மூன்றாம் பகுதியில், பசூன் என்ற தடித்த குரல் ஊதுகுழலில். கிடைத்தது!

டிசம்பர் 22

செக் நாட்டுக்காரர், கடைசிப் பகுதி. ஐந்து ஸ்வரம்தான் சேர்கிறது. மற்ற இரண்டையும் கொஞ்சம் தள்ளி ஓபோ என்ற குழலில் கண்டுபிடித்தேன். குடும்பத்தோடு வந்தவர்கள் பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல.

தண்ணீர் லாரி வந்தது. நான் ஹெட்போனில் இருந்ததால் கேட்கவில்லை. போய்விட்டது. செல்லக்கனி சொன்னவற்றை இங்கே எழுதவில்லை.

டிசம்பர் 25

காலை ஆராதனை. பிறகு மட்டன். பாடகர் குழுவின் கீதத்தில் இரண்டாவது அடியில் என் ஏழில் நாலு இருக்கிறது. குறித்துக்கொண்டேன். செல்லக்கனி முழங்கையால் இடித்தாள்.

டிசம்பர் 30

பதினாலு நாடு, ஐம்பத்திரண்டு சிம்பொனி. இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் அதுதான் கேட்கிறது. எதிர்வீட்டு அழைப்புமணியில் மூன்று ஸ்வரம் இருக்கிறது. ரயில் நிலைய அறிவிப்பில் நாலு.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாழ்நாளில் இப்படி நான் கேட்டதே இல்லை. வேலையில் இருந்தபோது எதை எடுக்கலாம் என்று கேட்டேன். இப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறேன். அந்த ருஷ்யக்காரர் பசூனில் முணுமுணுத்துவிட்டு, யாரும் கவனிக்காததுபோல் அரைமணி நேரம் அதைக் காக்க வைத்து, கடைசியில் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதையும் அதன் பின்னால் நிறுத்துகிறாரே! நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். செல்லக்கனி மாத்திரை எடுத்து வந்தாள்.

ஜனவரி 6

சங்க அலுவலகத்தில் விசாரணை. அந்தப் பெண் செண்பகா வந்திருந்தாள். திமிர் பிடித்தவளாக இருப்பாள் என்று நினைத்தேன். செல்லோவைக் கைக்குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சார், ஒரு டவுட். அந்த நாலாவது நோட்டு எனக்குத் தூக்கமே வர விடலை. வேணும்னே மாத்தினா வேற எங்கயாவது மாத்தியிருப்பாங்க. அங்க மாத்த எந்தக் காரணமும் இல்ல. ஏதாவது பழைய பிரிண்ட்டுல அது தப்பா வந்திருக்குமா? நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இல்லை" என்றேன். நடுநிலையாகச் சொன்னேன்.

"ஓகே சார். உங்களுக்கே தெரியலைன்னா இருக்காது" என்றாள்.

அவள் அதை நம்பிச் சொன்னாள். அதுதான் வழியெல்லாம் உறுத்தியது. வடபழனி சிக்னலில் இரண்டு தடவை பச்சை விழுந்தும் நான் நகரவில்லை.

ஜனவரி 12

கணக்கு இது. அந்த ஏழு ஸ்வரம் நேராக வரும் இடங்கள்: ஆறு. தலைகீழாக்கிப் பார்த்தால் பதினொன்று. பின்னாலிருந்து முன்னால் வாசித்தால் பதினேழு. ஒன்றிரண்டு ஸ்வரம் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை என்று கொஞ்சம் பெரிய மனது வைத்தால் முப்பத்தொன்று.

முப்பத்தொன்று என்றே எழுதப்போகிறேன். செல்லக்கனியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எல்லா மூஞ்சியிலயுந்தான் ரெண்டு கண்ணு ஒரு மூக்கு கெடக்கு. அதுக்காவ ஊருல உள்ளவன்லாம் அண்ணன் தம்பியா?"

"உனக்கு சங்கீதம் தெரியாது."

"தெரியாதுதான். அரிசி டின்னுக்கு பின்னால என்ன இருக்குன்னு தெரியும்."

178.

ஜனவரி 20

அறிக்கை முடிந்தது. நாற்பத்தெட்டு பக்கம், முப்பத்தொன்று இணைப்புகள். முடிவுரையில் நான் எழுதிய வாசகம்: 'ஏழு ஸ்வரத்துக்கு மேற்படாத எந்த மெட்டுத் துண்டும் எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமல்ல. அது இசையின் பொதுச்சொத்து. ஆகவே அதை எடுத்தவரும் இல்லை, இழந்தவரும் இல்லை.'

மிக நன்றாக வந்திருக்கிறது. யாரிடமிருந்தும் எடுக்காமல் நானே எழுதியது.

பிப்ரவரி 2

சங்கம் ஒருமனதாக ஏற்றது. அது மட்டுமல்ல, என் வாசகத்தை சங்கத்தின் விதியாகவே ஆக்கிவிட்டார்கள். "இனிமே எவனும் ஆறு ஸ்வரம் ஏழு ஸ்வரம்னு பஞ்சாயத்துக்கு வர முடியாது வாத்தியாரே, நீ போட்டது பாரு ஒரு பூட்டு!" என்றார் வேதகிரி.

அட்டையில் என் பெயர் இருக்கிறது. பெரிய எழுத்தில்தான். நானே இரண்டு பிரதி எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18

பட்டமளிப்பு விழா. நாலாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம். சிவப்பு அங்கியில் கலாதரன் நன்றாகவே இருந்தார். ஏற்புரையில் தாய்க்கு நன்றி, தமிழுக்கு நன்றி, ரசிகர்களுக்கு நன்றி. பிறகு அந்த நாலாவது ஸ்வரத்துக்கு வந்தார். ஒரு விடியற்காலையில், கடற்கரையில் தனியாக நடந்தபோது அது அவருக்குத் தோன்றியதாம். அந்த ஸ்வரம் கேட்டவுடன் தன்னை அறியாமல் மண்டியிட்டாராம்.

அவர் அப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வடையும் சேர்த்து.

எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. என்னவென்று கத்துவது? அது உங்களுடையது அல்ல, நான் திருடியது என்றா? யாருடையதும் அல்ல என்று நாற்பத்தெட்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். வாயை மூடிக்கொண்டு கை தட்டினேன்.

பிப்ரவரி 27

காலை பத்து மணிக்கு செண்பகா வீட்டுக்கு வந்தாள். அறிக்கையைக் கிழித்து என் முகத்தில் எறிய வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு லேப்டாப்பைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

அவள் விடவில்லை. அந்தத் தப்பான நாலாவது ஸ்வரம் வேறு எந்தப் படத்திலாவது வருகிறதா என்று பழைய படங்களின் பின்னணி இசையை இரண்டு மாதமாகத் தேடியிருக்கிறாள். அது கிடைக்கவில்லை. வேறு ஒன்று கிடைத்திருக்கிறது.

"இதைக் கேளுங்க சார்."

ஒரு படம். கதாநாயகி கடிதம் படித்து முடிக்கிறாள், ஆறு ஸ்வரம் வருகிறது. இன்னொரு படம். ஜெயில் கதவு மூடுகிறது, அதே ஆறு ஸ்வரம், இந்தத் தடவை கிளாரினெட். அடுத்தது ஒரு நகைச்சுவைப் படம். மாமனார் கிணற்றில் விழுகிறார், அதே ஆறு வேகமாக, சைலோபோனில். படகு போகும் காட்சி வந்தது. வியன்னாக்காரரின் ஏழு ஸ்வரம் முடிந்த இடத்தில், செல்லோவில் அதே ஆறு. முப்பத்தெட்டு படங்கள். ஒன்பது இசையமைப்பாளர்கள். இருபத்திரண்டு வருஷம்.

"ஒன்பது பேரும் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எடுத்தாங்களான்னு முதல்ல நெனச்சேன். வேதகிரி சார்கிட்ட பழைய கால்ஷீட் எல்லாம் வாங்கிப் பாத்தேன். முப்பத்தெட்டுலயும் பொதுவா ஒரே ஒரு பேருதான் இருக்கு." என்னைப் பார்த்தாள். "அந்த ஆறும் யாருது சார்?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாக, அதை நான் போட்டதாகவே எனக்கு நினைவில்லை. நோட்ஸில் கடைசிக் கட்டத்தில் இடம் மிச்சமிருக்கும், டீ வந்துவிடும், எதையாவது எழுதி மூடிவிட்டு எழுந்து போவேன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் எழுதியிருக்கிறேன் என்று நானே இன்றுதான் கேட்கிறேன். ருஷ்யக்காரரின் பசூனை அடையாளம் கண்ட காதுக்கு, அது அடையாளம் தெரியவில்லை.

சமையலறை வாசலில் செல்லக்கனி நின்றிருந்தாள். "இது இவிய குளிக்கும்போது மொணங்குததுல்லா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்கேன்" என்றாள்.

செண்பகா அடுத்த வீடியோவில் என் பெயரைச் சொல்லி, இது இவருடைய மெட்டு என்று போடப்போகிறாளாம். ஆனால் சங்கத்தின் விதி இருக்கிறது. ஆறு ஸ்வரம் யாருக்கும் சொந்தமல்ல.

"அந்த விதி நீங்க எழுதினது சார். அது தப்புன்னு நீங்களே ஒரு லெட்டர் கொடுத்தா போதும். ஏன் தப்பா எழுதினீங்கன்னும் போடணும். இல்லைன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

செண்பகா அரிசி டின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. அந்தப் பழைய பிரிண்ட் என்னிடம்தான் இருக்கும் என்று அவள் என்றைக்கோ ஊகித்துவிட்டாள்.

ஒரு வாரம் டைம் கேட்டேன்.

பிப்ரவரி 28

அந்த ஆறு ஸ்வரத்தையும் எங்கிருந்தாவது எடுத்திருப்பேன். நான் எடுக்காதது எது? மறுபடி ஹெட்போன். ருஷ்யக்காரரிலிருந்து ஆரம்பம்.

மார்ச் 2

இல்லை.

மார்ச் 4

செக் நாட்டுக்காரர், வியன்னாக்காரர்கள் நாலு பேர், இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். இல்லை. தலைகீழாகவும் இல்லை. டிசம்பரில் கிடைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு கேட்டேன். இப்போது ஒவ்வொரு பகுதி ஆரம்பிக்கும்போதும் கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.

மார்ச் 5

வாஷர் மாற்றினேன்.

மார்ச் 6

ஐம்பத்திரண்டும் முடிந்தது. எவ்வளவு பெரிய மனது வைத்துப் பார்த்தாலும் இல்லை. எங்கும் இல்லை.

என்னுடையதுதான். அறுபத்துநாலு வயதில் தெரிந்துகொள்கிறேன், எனக்கென்று ஒன்று இருக்கிறது. பெரிய மெட்டு இல்லை. ஒரு தும்மல் போடும் நேரம்தான். இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 7

கடிதத்தின் முதல் வரைவில் 'ஒரு கவனக்குறைவு' என்று எழுதினேன். இரண்டாவதில் 'ஆழ்ந்த தாக்கம்'. மூன்றாவதில் 'இளமைக்கால வாசிப்பின் நிழல்'. மூன்றையும் செல்லக்கனி படித்தாள். "களவுன்னு ஒரு வார்த்த இருக்குல்லா, அத எழுதுனா என்ன?" என்றாள்.

நாலாவது வரைவு:

'தூரத்து ஓடம் படத்தின் செல்லோ மெட்டில் முதல் ஏழு ஸ்வரம் நான் திருடியது. எதிலிருந்து திருடினேனோ அந்தப் புத்தகத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதை மறைக்கவே சங்கத்துக்குப் பொய்யான அறிக்கை கொடுத்தேன். அந்த மெட்டின் கடைசி ஆறு ஸ்வரம் என்னுடையது.'

மார்ச் 8

செண்பகா வந்து வாங்கிக்கொண்டாள். டிரங்குப் பெட்டியை நானே இழுத்துத் திறந்தேன். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும், "ஐயோ, நிஜமாவே இருக்கு!" என்று குதித்தாள். செல்லக்கனி அவளுக்கு அதிரசம் கொடுத்தாள்.

கடைசி வரியை முதல் வரியாகப் போட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள்.

மார்ச் 11

வீடியோ நேற்று வந்தது. இன்று காலைப் பேப்பரில் செய்தி. 'சிம்பொனி மெட்டைத் திருடிய அரேஞ்சர் ஒப்புதல்.' கீழே என் பெயர், முழுப் பெயர். அதற்குக் கீழே டாக்டர் கலாதரனின் அறிக்கை: "தூரத்து ஓடம் படத்தின் அந்த மெட்டு என்னுடையது அல்ல. அதை முழுக்க முழுக்கப் போட்டவர் ஜெபநேசன்தான்."

சொல்லிவிட்டார்.

செய்தியை மூன்று தடவை படித்தேன். ஆறு ஸ்வரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இடம் போதவில்லைபோல. பக்கத்தில் உளுந்து விலை பற்றிப் பெரிய செய்தி இருந்தது.

வேதகிரி காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.

செல்லக்கனி கத்தரிக்கோலோடு வந்து பேப்பரை என் கையிலிருந்து வாங்கினாள். செய்தியைச் சுற்றி ஓரம் பார்த்து வெட்டினாள்.

"என்ன போட்டிருக்கான்னு படிச்சியா?" என்றேன்.

"படிச்சேன்" என்றாள். வெட்டியதை மடிக்காமல் வேதாகமத்துக்குள் வைத்து மூடினாள். "பேரு வந்திருக்குல்லா."